ஊருணியும் ரேடியேட்டரும்: வறண்ட நிலத்தில் எந்திரம் குளிர்ந்த வரலாறு

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதுவோர் பெட்ரோலைப் பற்றி எழுதுவர். சாலையைப் பற்றியும் டயரைப் பற்றியும் எழுதுவர். வாகனம் குடித்த தண்ணீரைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆறு வற்றாத நாட்டில் அது ஒரு பொருட்டாகத் தோன்றாமல் போகலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அவ்வாறு தோன்ற வழியில்லை. இங்கே மனிதன் குடிக்கும் நீருக்கே தரம் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அத்தகைய ஊருக்குள் நீர் குடிக்கும் எந்திரம் ஒன்று வந்து சேர்ந்தபோது, எந்த நீரை அதற்கு வார்ப்பது என்ற கேள்வியும் உடன் வந்தது.

இன்று காரின் ரேடியேட்டரில் உள்ள பழைய குளிர்விப்பு நீர்மத்தை வடித்து, உள்ளே கழுவி, புதியது நிரப்புவது ஒரு சாதாரணப் பட்டறை வேலை. பட்டறைகளில் அந்நீர்மத்தைக் 'கூலன்ட்' என்றும் 'கூலன்ட் ஆயில்' என்றும் வழங்குவர். அது எண்ணெய் அன்று. இந்த எளிய வேலைக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நீரின் குணமறிந்து அதனைக் காத்த ஒரு வட்டாரம், எந்திரத்தின் பொருட்டு அவ்வறிவில் எதனைத் தக்கவைத்துக்கொண்டது, எதனை நழுவவிட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் நீரும்

திருச்சுழி, சுந்தரர் பாடிய திருத்தலம், பழம்பெயர் திருச்சுழியல். ஊழிப் பெருவெள்ளத்தை இறைவன் சுழித்துப் பூமிக்குள் செலுத்தியதால் அப்பெயர் வந்தது என்று தலபுராணம் கூறும். 1879-ஆம் ஆண்டு ரமண மகரிஷி பிறந்த ஊரும் இதுவே. வெள்ளத்தால் பெயர்பெற்ற இவ்வூரின் அருகே ஓடும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதைக் கண்மாய்களில் தேக்கி, அடுத்த மழை வரை காலம் தள்ளுவதுதான் இங்குள்ள வேளாண்மை. அருப்புக்கோட்டையைச் சூழ்ந்த கரிசலும் அதற்கு விலக்கன்று.

நிலத்தடி நீரோ பல இடங்களில் உவர்ப்பு. இதற்கு நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. ராமசாமிராஜா நகர் சிமெண்டு ஆலைக்கு அங்கிருந்துதான் கல் செல்கிறது. சிமெண்டுக்கு உதவும் அதே சுண்ணாம்பு, மழைநீரில் சிறிது சிறிதாகக் கரைந்து கிணற்றில் ஊறுகிறது. வேதியியலார் இதனைக் கடினநீர் என்பர். நம் பெண்களுக்கு இதனை அறிய வேதியியல் தேவைப்பட்டதில்லை. பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், கொதிக்கவைத்த அண்டாவின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டும் தண்ணீர் என்று அடுப்படியிலேயே சோதனை முடிந்துவிடும். நல்ல தண்ணீர், சப்பைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்ற பாகுபாடு அப்படிப் பிறந்தது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு கிணறு, துவைக்கவும் குளிக்கவும் வேறொன்று, மாடு கழுவக் கண்மாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது.

இவற்றுள் தலையாயது ஊருணி. மழைநீரை மட்டுமே ஏந்தி நிற்பதால் அதன் நீரில் உப்பு மிகக் குறைவு. மென்னீர் என்று சொல்லத்தக்கது. அதனாலேயே ஊருணியில் இறங்கிக் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளை ஊர்கள் தாமே வகுத்துக் காத்தன. உலகத்தோடு பொருந்தி வாழும் பேரறிவாளனின் செல்வத்துக்கு ஊருணி நிறைந்த நீரை வள்ளுவர் உவமையாக்கியதன் முழுப்பொருளும் இதுபோன்ற நிலத்தில் வாழ்ந்து பார்த்தவர்க்கே விளங்கும்.

எந்திரத்தின் தாகம்

இந்நிலப்பகுதியில் பெருமளவில் நீர் குடித்த முதல் எந்திரம் ரயில் எஞ்சின். தென்னிந்திய ரயில்வே 1875-இல் மதுரையையும், 1876-இல் தூத்துக்குடியையும் எட்டியது. விருதுபட்டி எனப்பட்ட இன்றைய விருதுநகரும் சாத்தூரும் அப்பாதையில் அமைந்தவை. நீராவி எஞ்சினின் கொதிகலனில் நீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். எனவே குறிப்பிட்ட இடைவெளிகளில் கொதிகலனை வடித்துக் கழுவுவது நீராவிக் காலத்தின் கட்டாய விதி. காரின் ரேடியேட்டரைக் கழுவும் வழக்கத்துக்கு மூதாதை இதுதான்.

மோட்டார் காரும் தொடக்கத்தில் நீராவி எஞ்சினைப் போலவே நீரைக் குடித்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1885-இல் உருவாக்கி, 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், எஞ்சினைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகி வெளியேறுவதே குளிர்விக்கும் முறை. 1888-ஆம் ஆண்டு அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் தம் இரு மகன்களுடன் அவ்வண்டியை மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 106 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். உலகின் முதல் நெடுந்தொலைவு மோட்டார்ப் பயணம் என்று அது போற்றப்படுகிறது. வழிநெடுகக் கிடைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி நீர் வார்த்துக்கொண்டே அவர் போக வேண்டியிருந்தது.

இந்தத் தாகத்தை அடக்கியவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் டைம்லர் தொழிற்சாலையில் உருவான மெர்சிடிஸ் காருக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 8,070 சிறு குழாய்களை அடுக்கி, அவற்றினூடே காற்றும் இடுக்குகளில் நீரும் பாயுமாறு செய்தார். எஞ்சினில் சூடேறிய நீர் அங்கே வந்து காற்றால் குளிர்ந்து மீண்டும் எஞ்சினுக்கே திரும்பியது. அதே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றான பிறகுதான் மோட்டார், கிணறு தேடாமல் ஊர்விட்டு ஊர் போகும் வாகனமாயிற்று.

வறண்ட தென்னாட்டுக்கு அவ்வாகனம் வரப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆயின. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் மதுரைக்கும் தேவகோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் நீரைச் சுழற்றப் பம்பு கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியே நீரைச் சுழற்றியது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாடல் கார்களில் மிகப் பெரும்பாலானவை இம்முறையில் ஓடியவையே. நீர்மட்டம் சற்றுக் குறைந்தாலும் சுழற்சி நின்று கொதிக்கத் தொடங்கும். எனவே தண்ணீர் டின் இல்லாமல் பேருந்து புறப்படாது. நின்ற இடத்தில் டின்னைத் தூக்கிக்கொண்டு நீர்நிலையைத் தேடி ஓடுவது கிளீனரின் முதற்கடமை.

இங்கேதான் வட்டார அறிவு எந்திரத்துக்குக் கைகொடுத்தது. பருப்பு வேகும் தண்ணீர் எதுவோ, அதுவே ரேடியேட்டருக்கும் ஏற்ற தண்ணீர். ஊருணி நீர் எஞ்சினுக்கு நல்லது. வயல்வெளிக் கிணற்றின் உவர்நீர் கெடுதி. ஆனால் குடிக்கவே அளந்து முகக்கும் ஊருணியில் வண்டிக்கு நீர் மொள்ளுவது எளிதன்று. மக்களின் தேவையும் எந்திரத்தின் தேவையும் ஒரே நீர்நிலையில் வந்து மோதின. அவசரத்துக்கு அகப்பட்டதை ஊற்றுவது என்ற வழக்கம் அந்த நெருக்கடியில் வேரூன்றியது.

பின்னர்க் கமலை இருந்த கிணறுகளில் ஆயில் எஞ்சின் வந்தபோது, உவர்க்கிணற்றின் நீரே எஞ்சினைக் குளிர்விக்கவும் பாய்ந்தது. பம்பு இறைக்கும் நீரில் ஒரு கிளையைப் பிரித்து எஞ்சினுக்குள் விட்டு வெளியேற்றுவர். அல்லது பக்கத்தில் ஒரு தொட்டி கட்டி அதிலிருந்து சுழல விடுவர். ஓடிக்கொண்டேயிருக்கும் நீராயினும், சூட்டில் உப்பு படிவதை அது தடுக்கவில்லை.

உள்ளே ஓர் உப்பளம்

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்ற உதவுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சிய பங்கைக் குளிர்விக்கும் நீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். எரியும் வாயுவின் வெப்பம் 2,000 பாகை செல்சியசைத் தாண்டக்கூடியது. எஞ்சினின் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் காவல், சுற்றியோடும் அந்த நீர்தான்.

அந்நீர் கடினநீராயின் நேர்வது இது. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அண்டாவின் அடியில் கட்டும் அதே வெள்ளைப் பொருக்குத்தான். செம்பைக் காட்டிலும் அது வெப்பத்தைக் கடத்துவது நூறு மடங்குக்கு மேல் குறைவு. கொதித்து ஆவியான அளவுக்கு மறுபடி உவர்நீரை ஊற்றுகிறோம், ஆவி வெளியேறுகிறது, உப்பு தங்குகிறது, மீண்டும் ஊற்றுகிறோம். தூத்துக்குடிக் கடற்கரையில் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கும் தொழில் எவ்வாறு நடக்கிறதோ, அவ்வாறே ரேடியேட்டருக்குள்ளும் நடந்துகொண்டிருந்தது. இதனோடு நீரிலுள்ள குளோரைடு உலோகத்தை அரிக்கும்; துரு உதிர்ந்து சேறாகிக் குழாய்களின் வாயை அடைக்கும்.

இதன் விளைவாக ஒரு தொழிலே வளர்ந்தது. ரேடியேட்டர் பட்டறை என்று பலகை மாட்டிய கடைகள் நெடுஞ்சாலை ஊர்கள்தோறும் உண்டாயின. செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டரின் மேல்தொட்டியை ஈயப் பற்றை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டை விட்டுக் குத்தி அடைப்பெடுத்து, மறுபடியும் ஈயம் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று சோதிப்பர். கை நுணுக்கமும் கண் நுணுக்கமும் வேண்டிய வேலை. அம்பாசிடர், ஃபியட் கார்களின் காலம் முழுவதும் இக்கலை செழித்தது. பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் குழாயுமான ரேடியேட்டர்கள் வந்தபின், பழுதானால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவது வழக்கமாகி, ஈயம் பற்றவைக்கும் கைகளுக்கு வேலை குறைந்தது.

பட்டறைகளில் பரவிய ஒரு தவறான வழக்கத்தையும் இங்குச் சொல்ல வேண்டும். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு ஒன்று உண்டு. எஞ்சின் ஏறத்தாழ 82 முதல் 88 பாகை வரை சூடேறும் வரை அது மூடியிருக்கும். பிறகு திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும். 'இது குளிர்நாட்டுக்காரன் வைத்தது, நமக்கு எதற்கு?' என்று அதனைக் கழற்றிப் போட்டுவிடுவது பல பட்டறைகளின் வைத்தியம். எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை அடையாமல் ஓடினால் எரிபொருள் முழுமையாக எரியாது; சிலிண்டர் தேயும்; பெட்ரோல் செலவு கூடும். அடைபட்ட ரேடியேட்டரைக் கழுவாமல் வால்வைக் கழற்றியது, நோய்க்கு மருந்து கொடுக்காமல் வெப்பமானியை உடைத்ததற்கு ஒப்பாகும்.

ரேடியேட்டர் மூடியின் வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அம்மூடி வெறும் அடைப்பன்று. உள்ளே அழுத்தத்தைத் தேக்கும் ஒரு வால்வு. அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்பது சமையலறை குக்கரின் தத்துவம். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய அதே அளவு அழுத்தத்தை மூடி தாங்கினால், நீர் 100 பாகைக்குப் பதில் 120 பாகையை ஒட்டித்தான் கொதிக்கும். 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வெளிநாட்டில் நடத்திவந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்பின் எந்திரங்களைச் சென்னை சுந்தரம் ஃபாஸனர்ஸ் நிறுவனம் வாங்கி இங்குக் கொணர்ந்து, அந்நிறுவனத்துக்கே மூடி செய்து அனுப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் பெருமையோடு குறிக்கப்படும் நிகழ்வு அது. மதுரையில் 1912-இல் பேருந்து விட்ட அதே குடும்பத்தின் வழியில் வந்த நிறுவனம். அதன் தொழிற்சாலைகளுள் ஒன்று மதுரை - அருப்புக்கோட்டைச் சாலையில் ஆவியூரில் இருக்கிறது.

உறையாத நாட்டில் உறைதடுப்பான்

கூலன்டின் முதற்பொருளான எத்திலீன் கிளைக்காலை 1856-இல் முதன்முதலில் தயாரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஷார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ். அவர் காலத்தில் மோட்டார் இல்லை. அப்பொருளுக்குப் பெரும்பயனும் இல்லை. முதல் உலகப்போரில் வெடிமருந்துத் தொழிலில் கிளிசரினுக்கு மாற்றாக அது கவனம் பெற்றது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் ரேடியேட்டர் நீர் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். அதைத் தவிர்க்க ஆல்கஹாலையும் கிளிசரினையும், ஏன் தேனையும்கூடக் கலந்து பார்த்தனர். ஆல்கஹால் எளிதில் ஆவியாகிவிடும். உப்புக் கரைசலோ உலோகத்தைத் தின்றுவிடும். 1927-இல் 'பிரெஸ்டோன்' என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோதுதான் இச்சிக்கலுக்கு நிலையான தீர்வு கிடைத்தது.

'உறைதடுப்பான்' என்ற பெயரோடு பிறந்ததால்தான் நம் நாட்டில் அது நெடுங்காலம் அயலாகவே நின்றது. கோடையில் நிழலிலேயே நாற்பது பாகையை நெருங்கும் அருப்புக்கோட்டையில் எதை உறையாமல் தடுப்பது என்ற கேள்வி நியாயமானதே. விடை அப்பொருளின் மறுபக்கத்தில் இருக்கிறது. கிளைக்காலும் நீரும் பாதிப்பாதி கலந்தால், உறைநிலை கீழே போவதோடு கொதிநிலையும் மேலே ஏறுகிறது. அழுத்தம் தாங்கும் மூடியோடு சேர்ந்தால் 125 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். அதைவிட முக்கியம், அதனுடன் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள்கள். உலோகத்தின் மேல் மெல்லிய காப்பாகப் படிந்து துருவையும் அரிப்பையும் அவை தடுக்கின்றன.

ஓர் உண்மையை மறைக்க வேண்டியதில்லை: வெப்பத்தைச் சுமப்பதில் தூய நீருக்கு நிகர் கிளைக்கால் இல்லை. கலவையின் வெப்பக் கொள்ளளவு நீரைவிடக் குறைவுதான். ஆகவே 'நிறைய ஊற்றினால் நிறையக் குளிரும்' என்று கிளைக்காலை மட்டும் ஊற்றுவதும் பிழை. 'தண்ணீரே போதும்' என்பதும் பிழை. நீர் சுமக்கிறது; கிளைக்கால் கொதிக்காமல் காக்கிறது; சேர்க்கைப் பொருள்கள் உலோகத்தைக் காக்கின்றன.

1983-இன் இறுதியில் மாருதி 800 சாலைக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. மூடிய குளிர்விப்பு அமைப்பும், தேவைப்படும்போது மட்டும் சுழலும் மின்விசிறியும், உபரி நீர்மத்துக்கான பக்கத்தொட்டியும் நடுத்தரக் குடும்பத்தின் காருக்கே வந்தன. அலுமினியம் மிகுந்த புதிய எஞ்சின்கள் உவர்நீரைச் சிறிதும் பொறுப்பதில்லை. பழைய லாரியின் வார்ப்பிரும்பு எஞ்சின் பத்தாண்டு தாங்கிய கொடுமையை இவை சில ஆண்டுகள்கூடத் தாங்குவதில்லை. எஞ்சின் தலை வளைந்து, ஹெட் கேஸ்கட் போய், கடன் வாங்கி வாங்கிய வாடகைக் கார் மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும். அதனை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு பருவமழை பொய்த்ததற்கு நிகரான இழப்பு.

வடித்தலும் கழுவுதலும்

கூலன்டையும் என்றென்றைக்குமாக விட்டுவைக்க முடியாது. கிளைக்கால் எளிதில் தீராது. தீர்ந்துபோவது அரிப்புத் தடுப்புப் பொருள்களே. அவை தீர்ந்தபின் நீர்மம் மெல்ல அமிலமாகி, தான் காக்க வேண்டிய உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். சிலிக்கேட் முதலிய கனிமச் சேர்க்கை கொண்ட பழைய வகையை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், 1990-களின் நடுவில் பரவலான கரிம அமில வகையை ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவழக்கு. வண்டியின் கையேடு கூறும் காலமே இறுதியானது. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களைக் கொண்டு வகையை முடிவு செய்யலாகாது. நிறம் சேர்த்த சாயமே தவிர, தரக்குறியீடன்று. இருவகையைக் கலந்தால் பாதுகாப்புக் குறையும். சிலவேளை கூழாகித் திரியவும் கூடும்.

செய்முறை எளியது, பொறுமைதான் வேண்டும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் ஒரே நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து, அகன்ற பாத்திரத்தில் பழையதை வடிக்க வேண்டும். திருகை மூடி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஹீட்டர் உள்ள வண்டியில் அதனையும் முழுச்சூட்டில் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடி வடிக்க வேண்டும். வடியும் நீர் தெளியும் வரை இதனைத் திரும்பச் செய்வதே கழுவுதல். ஹோஸ்குழாய்களின் விரிசலையும், பட்டறைகளில் 'வாட்டர் பாடி' எனப்படும் பம்பின் கசிவையும் பார்த்துவிட வேண்டிய வேளையும் இதுவே. இறுதியாகக் கூலன்டைச் சரிபாதி வாலைவடிநீருடன் கலந்து நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, மறுநாள் மட்டம் பார்த்துக் குறைவை நிரப்ப வேண்டும்.

இதில் நம் வட்டாரத்தார் மறக்கலாகாதது அந்த வாலைவடிநீர். விலை கொடுத்து வாங்கிய கூலன்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலப்பவர் பலர். அந்நீரின் கால்சியம், சேர்க்கைப் பொருள்களில் சிலவற்றோடு வினைபுரிந்து அவற்றையே படிவாக்கிவிடும். பருப்புக்கு ஆகாத தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகாது என்ற பழைய அறிவை, பக்கத்தில் மின்மோட்டார்க் குழாய் வந்ததும் மறந்துவிட்டோம்.

வடித்தது எங்கே போகிறது?

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. வடித்த பழைய நீர்மம், பெரும்பாலும் பட்டறை வாசலில் மண்ணில் ஊற்றப்படுகிறது. அல்லது சாக்கடையில் விடப்படுகிறது. வறண்ட நிலத்தின் ஓடைகள் எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு கண்மாயில்தான் போய்ச் சேரும்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சானது. உடலுக்குள் சென்றால் கல்லீரல் அதனை ஆக்சாலிக் அமிலம் வரை மாற்றுகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து நுண்படிகமாகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. வளர்ந்த மனிதருக்கே நூறு மில்லிலிட்டர் அளவில் உயிர்போகலாம். குழந்தைக்கு அதிற் சிறுபகுதி போதும். இதன் நெருங்கிய உறவான டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்தால் 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே நஞ்சு இருந்ததால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் இறந்ததை நாடறியும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் திருச்சுழிப் பக்கம் மேய்ச்சலுக்குப் போகும் ஆடு, ஈரம் கண்ட இடத்தில் எல்லாம் வாய்வைக்கும். பட்டறை ஓரத்துப் பள்ளத்தில் தேங்கிய இனிப்பு நீரை ஆடும் நாயும் விட்டுவைக்கா. மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிரிகள் கிளைக்காலைச் சில வாரங்களில் சிதைத்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வாறு சிதைக்கையில் நீரின் உயிர்வளியை அவை உறிஞ்சிவிடும். சிறு குட்டை தாங்காது. மேலும் பழைய கூலன்டில் எஞ்சினிலிருந்து கரைந்த செம்பும், ஈயப் பற்றிலிருந்து கரைந்த ஈயமும் இருக்கக்கூடும். அவை சிதையா, மண்ணிலேயே தங்கும்.

ஆகவே வடித்ததை அதே கேனில் ஊற்றி, மூடி, 'நஞ்சு' என்று எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, பழைய எண்ணெயையும் கூலன்டையும் சேகரிக்கும் பணிமனையிடம் ஒப்படைப்பதே முறை. குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைப்பது எக்காரணத்தாலும் கூடாது. மின்கார்கள் வந்தால் இக்கவலை ஒழியும் என்று எண்ணவும் இடமில்லை. அவற்றுள் பலவற்றின் மின்கலங்களைக் குளிர்விப்பதும் கிளைக்கால் கலவையே.

ஊருணிக் கரையில் கால் நனைக்கவும் கூடாது என்று விதித்த முன்னோர்க்குக் கிளைக்கால் தெரியாது. பொதுநீரில் எது சேரலாம், எது சேரலாகாது என்பது தெரியும். அவ்விதியைப் பட்டறை வாசல் வரை நீட்டுவது நம் தலைமுறையின் கடமை. அதற்கு அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து கி. ராஜநாராயணன் 1982-இல் அகராதி தந்தார். உழவின் சொற்கள் காக்கப்பட்டதுபோலப் பட்டறையின் சொற்களும் காக்கப்பட வேண்டும். ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைத்த மூத்த தொழிலாளர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த ஊர்த் தண்ணீர் எஞ்சினுக்கு ஆகும், எது ஆகாது என்பது அவர்களின் நாவில் இருக்கும் வரலாறு. நண்பர்கள் தத்தம் ஊர்ப் பட்டறைகளுக்குச் சென்று கேட்டு எழுதினால், அடுத்து ஒரு நல்ல தொகுப்பு உருவாகும்.